மாத்திரையும் மணிப்பொறியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு நிறைவு விழாவில் பேச வருவோர் அமைப்பின் பணிகளை எடுத்துக் கூறிப் பாராட்டுவது மரபு. எனக்கு முன் பேசியோர் அதனைச் செவ்வனே செய்துவிட்டனர். ஆகவே, பத்தாண்டு என்னும் அச்சொல்லையே பொருளாக எடுத்துக்கொண்டு சில கருத்துகளைக் கூற விழைகிறேன். பத்தாண்டு என்பது எவ்வளவு? நாட்காட்டியைக் கேட்டால் 3,652 நாள் அல்லது 3,653 நாள் என்று தயக்கமின்றிச் சொல்லிவிடும். முதற் கூட்டத்திலிருந்து தவறாது வருகின்ற அன்பர்களைக் கேட்டுப் பாருங்கள். 'நேற்றுத் தொடங்கியது போல இருக்கிறது' என்பார் ஒருவர். 'அதெல்லாம் போன பிறவியில் நடந்தது போல இருக்கிறது' என்பார் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர். இருவரும் பொய் கூறவில்லை. அப்படியாயின், இவர்கள் பார்த்துச் சொல்லும் கடிகாரம் எது? அது எங்கே இருக்கிறது? இதுவே என் பேச்சின் பொருள்.

ஊருக்கு வந்த கடிகாரம்

கடிகை என்றால் நாழிகை. கடிகாரம் என்னும் பெயரும் அதிலிருந்து பிறந்ததே. நாள் ஒன்றுக்கு 60 நாழிகை; நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். சிறு துளை வழியே நீர் புகும் வட்டிலைக் கொண்டு பொழுதை அளந்து மன்னனுக்கு உரைத்தவர்களை முல்லைப்பாட்டு காட்டுகிறது. எனவே பொழுதை அளப்பது நமக்குப் புதிதன்று. ஆயினும் அரண்மனைக்கும் கோயிலுக்கும் வெளியே, ஊர் மக்களின் அளவைகள் வேறாக இருந்தன. உலை கொதிக்கும் நேரம், வெற்றிலை போடும் நேரம் என்றே சிறு பொழுதுகளைக் கணக்கிட்டனர். பெரும் பொழுதைத் தாமிரவருணி கணக்கிட்டுத் தந்தது. கார், பிசானம் என்னும் இரு சாகுபடிகளே இப்பள்ளத்தாக்கின் ஆண்டு. கோயிலில் உச்சிக்காலம் என்றால் பகலவன் தலைக்கு மேல் நிற்கும் நேரம். ஒவ்வோர் அளவையும் ஏதேனும் ஒரு செயலையோ நிகழ்ச்சியையோ ஒட்டி இருந்தது.

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆற்றின் வீழ்ச்சி தரும் விசையை நம்பி நூற்பாலையை நிறுவினர். ஆலை வந்தால் ஆலைக்குரிய காலமும் வரும். கதிர் சுழல்வதற்கு உச்சியும் இல்லை, அந்தியும் இல்லை. நீர் விழும் வரை அது சுழலும். மனிதன் அதன் பக்கத்தில் நின்றாக வேண்டும். ஆலை ஊர் என்றால் அங்கே சங்கு உண்டு. கோயிற் சங்கு இறைவனைத் துயில் எழுப்ப ஊதப்படுவது. ஆலைச் சங்கோ தொழிலாளியை எழுப்ப ஊதப்படுவது. இரண்டிற்கும் ஒரே பெயரை இட்ட நம் மக்களின் நகைச்சுவையை எண்ணி வியக்கிறேன்.

அந்தச் சங்கு எந்த மணிக்கு ஊத வேண்டும் என்பதும் இங்கே முடிவானதன்று. 1792இல் அமைந்த சென்னை வானாய்வுக்கூடத்தின் கணக்குப்படி வழங்கிய சென்னை நேரத்தையே இருப்புப்பாதைகள் பின்பற்றின. அது நம் ஊரின் ஞாயிற்று நேரத்தைவிட ஏறத்தாழ 12 நிமிடம் முந்தியது. பிறகு 1906 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்றாயிற்று. 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய நேரம் அது. நாமோ 77 பாகையைச் சற்றே தாண்டியவர்கள். ஆகவே கடிகாரம் பன்னிரண்டு அடித்துச் சராசரியாக 20 நிமிடம் ஆன பிறகே விக்கிரமசிங்கபுரத்தில் உண்மையான நண்பகல். பம்பாய் நகரம் இம்மாற்றத்தை எளிதில் ஏற்கவில்லை. அங்கே ஆலைத் தொழிலாளரே எதிர்த்து நின்றனர். 1955 வரை அந்நகரில் பம்பாய் நேரமும் ஒரு மூலையில் உயிரோடு இருந்தது. கடிகாரம் காட்டும் நேரம் இயற்கையன்று, மனிதர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு என்பதற்கு இது போதிய சான்று. உடன்பாடு என்பதால் அது இழிந்ததாகிவிடாது. அது இன்றேல் இரயிலும் இல்லை, மருத்துவமனையும் இல்லை, மாலை ஆறு மணிக்கு நாம் இங்கே கூடியிருக்கவும் இயலாது.

குகைக்குள் காலம்

சரி, வெளியில் கடிகாரமும் இல்லை, பகலவனும் இல்லை, சங்கும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது மனிதனுக்குள் காலம் எவ்வாறு நடக்கும்? பொதிகை அடிவாரத்தில் வாழும் நமக்குக் குகை என்றதும் சித்தர் பெருமக்களே நினைவுக்கு வருவர். இந்த வினாவுக்கு விடை தேடிய அறிவியலாரும் குகைக்குள்ளேதான் சென்றனர்.

1962இல் மிஷேல் சிஃப்ரே என்னும் பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் ஓர் ஆழ்ந்த குகைக்குள் இரண்டு மாதம் கடிகாரமின்றித் தனித்திருந்தார். செப்டம்பர் 14ஆம் நாள் அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்டு 20 என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். 25 நாள்களை நெஞ்சம் விழுங்கிவிட்டது. நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணுமாறு கேட்டபோது, அவர் எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆனால் வியப்பு இனிமேல்தான் இருக்கிறது. அவர் உறங்கி எழுந்த கணக்கை வெளியில் இருந்தோர் குறித்து வந்தனர். உறக்கமும் விழிப்பும் சேர்ந்த அவருடைய நாள், சராசரியாக 24½ மணி நேரத்தில் ஒழுங்காக முடிந்துகொண்டிருந்தது. உடல் நாளைச் சரியாக எண்ணியது; மனம் எண்ணத் தவறியது.

நம் மதுரையிலும் இத்துறையில் அரிய பணி நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் உயிரினங்களின் உள்ளியல்புக் கடிகாரத்தை ஆராய்ந்தனர். ஒளியே புகாத குகையின் உட்பகுதியில், வௌவால் ஒன்றைக் கூட்டில் அடைத்து வைத்தனர். அதே குகையில் வாழும் பிற வௌவால்கள் அந்தியில் வெளியேறி வைகறையில் திரும்பும் வரை, அடைபட்ட வௌவாலும் வெளியுலக நாளோடு ஒத்தே விழித்து உறங்கியது. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் தனித்து வைத்தபோது, அதன் நாள் சிறிது சிறிதாக வெளி நாளிலிருந்து விலகிச் சென்றது. 1981இல் இவ்வாய்வு வெளியாயிற்று. கதிரவனைக் காணாத உயிருக்குச் சுற்றமே கதிரவனாகிறது என்பது இதன் பொருள். இலக்கிய வட்டம் நடத்துகிறவர்கள் இக்கண்டுபிடிப்பை நெஞ்சில் இருத்திக்கொள்ளலாம்.

உடலின் நாளை எண்ணும் உறுப்பு எது என்பதும் இன்று தெரியும். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு திரள் ஒன்று உள்ளது. கண் வழி வரும் ஒளியைக் கொண்டு அது நாள்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு விளக்கிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

நெஞ்சின் கணக்கு

நாளை எண்ண ஓர் உறுப்பு இருக்கிறது. ஆனால் நிமிடத்தையும் மணியையும் ஆண்டையும் நாம் உணர்வதற்கு அதுபோல் ஒரு தனி உறுப்பைச் சுட்டிக்காட்ட இயலவில்லை. கவனம், நினைவு, உடல்நிலை ஆகிய மூன்றும் கலந்தே அவ்வுணர்வை ஆக்குகின்றன.

முதலில் உடல்நிலை. 1930களில் ஹட்சன் ஹோக்லண்ட் என்னும் அமெரிக்க உடலியலார், காய்ச்சலில் கிடந்த தம் மனைவியை நொடிக் கணக்கில் எண்ணச் சொன்னார். வெப்பம் ஏற ஏற அவர் விரைந்து எண்ணினார். உள்ளே எண்ணிக்கை விரைந்தால் வெளியே காலம் ஊர்வதுபோல் தோன்றும். நோயாளியின் இரவு ஏன் நீள்கிறது என்பதற்கு இது ஒரு விடை.

அடுத்து, கவனம். 'எப்போது வரும், எப்போது வரும்' என்று காலத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது நகராது. காத்திருப்போர்க்கு ஒரு நாள் ஏழு நாளாக நீள்வதைத் திருவள்ளுவர் 'அவர்வயின் விதும்பல்' அதிகாரத்தில் எண்ணிட்டே கூறுகிறார். நெஞ்சின் காலத்தை எண்ணால் அளக்க முயன்ற பழைய பதிவுகளுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

மூன்றாவது நினைவு. 2007இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 31 மீட்டர் உயரத்திலிருந்து மனிதர்களைப் பாதுகாப்பு வலையில் விழச் செய்தனர். விழுந்தவர்கள், தாம் விழுந்த நேரத்தை மற்றவர் விழுந்த நேரத்தைவிட மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் கூடுதலாக மதிப்பிட்டனர். அந்த நேரத்தில் கண் விரைந்து கண்டதா என்று பார்க்க, மணிக்கட்டில் விரைவாக மாறும் எண்களைக் காட்டினர். வழக்கத்தைவிட விரைவாக அவர்களால் படிக்க இயலவில்லை. அப்படியானால் காலம் அப்போது மெல்ல நடக்கவில்லை; அச்சத்தில் நினைவு செறிவாகப் பதிந்தது, பிறகு எண்ணிப் பார்க்கையில் நீண்டதாகத் தோன்றியது என்பர் அவ்வாய்வாளர்.

இதிலிருந்து ஒரு முரண் புலனாகும். வெறுமையாகக் காத்திருந்த நேரம் கடக்கும்போது நீளும், நினைவில் சுருங்கிவிடும். கொடைத் திருவிழாவில் வில்லிசை கேட்ட இரவு கடக்கும்போது விரையும். நினைவில் நீண்டு நிற்கும். கடக்கும் காலமும் நினைக்கும் காலமும் ஒன்றுக்கொன்று எதிராக அளக்கின்றன. அகவை ஏற ஏற ஆண்டுகள் சுருங்குவதாகத் தோன்றுவதும், நாள்கள் ஒன்றுபோலவே கழிந்து புதிதாகப் பதிவது குறைவதால் இருக்கலாம். 'நேற்றுப் போல' என்றவரும் 'போன பிறவி போல' என்றவரும் இப்போது நமக்கு விளங்குகின்றனர். அவர்கள் இருவரும் நாள்களை எண்ணவில்லை, பதிந்தவற்றை எண்ணினர்.

மாத்திரை

இனிக் கவிஞர்களுக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். பொழுதை நெஞ்சோடு சேர்த்து அளப்பது நம் இலக்கணத்தின் அடிப்படை. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்திற்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என்று பொழுதை முதற்பொருளாக வைத்தனர். அங்கே மாலை என்பது மணிக்கணக்கன்று. காத்திருத்தல் என்னும் உணர்வு வந்து அமரும் இருக்கை.

அதனினும் நுட்பமானது மாத்திரை. எழுத்தின் ஒலிநேரத்தை அளக்க நம் இலக்கணிகள் எடுத்துக்கொண்ட அளவை கண்ணிமையும் கைந்நொடியுமே. அதுவும் மாந்தர்க்கு இயல்பாக நிகழும் இமைப்பும் நொடிப்பும் என்கிறது நன்னூல். வட்டிலும் நீரும் நாட்டில் இருந்தபோதே, ஒலியை அளக்க அவற்றைத் தேடாமல் உடலையே கருவியாகக் கொண்டனர். இன்றைய அளவைப்படி ஓர் இமைப்பு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை வேறுபடும். 'இப்படி மாறுவதை வைத்து எப்படி அளப்பது?' என்று பொறியாளர் கேட்பார். விடை எளிது. விரைந்து பாடினாலும் மெல்லப் பாடினாலும் குறில் ஒன்று, நெடில் இரண்டு, ஒற்று அரை என்னும் விகிதமே காக்கப்பட வேண்டியது. காதும் மூளையும் பிடித்துக்கொள்வது விகிதத்தை. பிழைபடும்போதுகூட மூளை விகிதத்திலேயே பிழைபடுகிறது. அளக்கும் காலம் நீள நீளப் பிழையும் அதே விகிதத்தில் நீளும் என்பது உளவியலார் கண்ட உண்மை.

நன்னூல் இன்னொன்றும் கூறுகிறது. இசையிலும், விளியிலும், பண்டமாற்றிலும் எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிக்கும். தொலைவில் இருப்பவரை அழைக்கும் குரலும் தெருவில் உப்பு விற்பவர் கூவலும் உணர்வும் தேவையும் இருக்கும் அளவிற்கு நீளும். அளபெடை என்பது இந்த உரிமையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்ததே அன்றோ? இந்நன்னூலுக்குத் திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயப் புலவர் விருத்தியுரை கண்டார். அதனைத் திருத்தி விளக்கியவர் இவ்வூரில் பிறந்து 1785இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர். மாத்திரை பற்றிய வாதம் விக்கிரமசிங்கபுரத்திற்கு உள்ளூர்ச் செய்தி என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

1983இல் ஃபிரடெரிக் டர்னர் என்னும் கவிஞரும் எர்ன்ஸ்ட் பொப்பல் என்னும் ஜெர்மானிய மூளையியலாரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினர். பல மொழிகளில் பாட்டின் ஓர் அடி, வாய்விட்டுச் சொல்ல ஏறத்தாழ மூன்று நொடி எடுக்கிறது என்றும், மூளை 'இப்போது' என்று ஒருங்கே பற்றிக்கொள்ளும் காலமும் அவ்வளவே என்றும் கூறினர். இதனை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டியதில்லை, மறுப்போரும் உளர். ஆனால் நம் யாப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். இரு சீர் குறளடி, மூன்று சீர் சிந்தடி, ஐந்து சீர் நெடிலடி, அதற்கும் மேல் கழிநெடிலடி. நான்கு சீர் அடிக்கு மட்டும் அளவடி என்று பெயர். குறைந்ததும் மிகுந்ததும் அதனை ஒட்டியே பெயர் பெறுகின்றன. அந்த அளவு எதன் அளவு? ஒரு நாற்சீரடியை இயல்பாக உரக்கச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். கழிநெடிலடி விருத்தத்தை நாம் ஏன் இடையில் மடக்கி எழுதுகிறோம், பாடுவோர் ஏன் அங்கே மூச்சு விடுகின்றனர் என்பதையும் பாருங்கள். விடையை நீங்களே காண்பீர்கள்.

இரவுப் பணி

இவ்வளவையும் கூறியது அறிவியல் வியப்புக்காக மட்டுமன்று. இதில் நம் ஊருக்கு ஒரு கடன் இருக்கிறது.

1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவு, நூற்பு ஆலைகளில் ஆடவர் உழைக்கும் நேரத்திற்கு 12 மணி என்று எல்லை வகுத்தது. 1922இல் அது 11 ஆயிற்று, 1934இல் 10, 1948இல் நாளுக்கு 9, வாரத்திற்கு 48. இது தொழிலாளர் போராடிப் பெற்ற வெற்றி. கடிகாரம் அவர்களை ஆண்டது. அதே கடிகாரத்தைச் சான்றாகக் காட்டியே அவர்கள் தம் உரிமையையும் கேட்டனர். ஆகவே கடிகாரத்தைப் பகையாக்கிப் பேசும் கவிதை பாதி உண்மையையே பேசுகிறது.

மறுபாதி என்ன? பகல் எட்டு மணி நேரமும் இரவு எட்டு மணி நேரமும் கடிகாரத்திற்கு ஒன்று. ஊதியப் பட்டியலுக்கும் ஏறத்தாழ ஒன்று. உடலுக்கு ஒன்றன்று. பார்வை நரம்புகளின் மேல் அமர்ந்த அச்சிறு திரள், 'இது உறங்கும் பொழுது' என்று சொல்லிக்கொண்டே இருக்கையில், கை இழையை முடிய வேண்டியிருக்கிறது. வாரந்தோறும் முறை மாறினால் அத்திரள் எந்த நாளோடும் ஒத்துப்போக இயலாமல் தடுமாறும். உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றுள் ஒன்றாக உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் வகைப்படுத்தியது; 2019இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. நூறாண்டுக்கும் மேலாக இவ்வூரின் ஒவ்வொரு தெருவிலும் யாரோ ஒருவர் பகலில் சன்னலை அடைத்துக்கொண்டு உறங்க முயன்றனர். யாரோ ஒரு தாய், 'அப்பா இராப்பணி பார்த்துவிட்டுத் தூங்குகிறார், சத்தம் போடாதீர்கள்' என்று பிள்ளைகளை அடக்கினார். வருகைப் பதிவேட்டில் அந்த இரவுகள் வெறும் எட்டு மணியாக நிற்கின்றன. அவை உண்மையில் எவ்வளவு நீளம் என்று அளந்தவர் யார்?

அதை அளக்கும் கருவி பாட்டு ஒன்றே. மூன்று நொடி அடியில் ஓர் இரவை நீட்டவும், ஓர் அளபெடையில் ஒரு வாழ்நாளின் ஏக்கத்தை ஒலிக்கவும் கவிஞனால் இயலும். கடிகாரம் கூறுவது பொய்யன்று. ஆனால் அது எல்லார்க்கும் பொதுவான பாதியை மட்டுமே கூறும். ஒவ்வொருவர்க்கும் உரிய மற்றப் பாதியைக் கூறும் பொறுப்பு உங்களுடையது. உலகம்மையைப் பாடிய நமச்சிவாயக் கவிராயரின் ஊர் இது. இறைவியைப் பாடிய ஊர் இழை முடிந்தவரையும் பாட வேண்டாவா?

ஆகவே வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பத்தாண்டின் முதற்பணியாக, இப்பள்ளத்தாக்கில் காலத்தைக் குறிக்க வழங்கிய சொற்களைத் தொகுத்து ஒரு சிறு நூலாக்குங்கள். கார், பிசானம் சொன்ன உழவரிடமும், சங்கு கேட்டு எழுந்த ஆலைத் தொழிலாளரிடமும், அடுப்படியில் நேரம் பார்த்த தாய்மாரிடமும் சென்று கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். வட்டத்தின் கவிஞர் ஒவ்வொருவரும் ஓர் இரவுப் பணியின் நீளத்தை ஒரு பாட்டில் அளந்து தாருங்கள். இருபதாம் ஆண்டு மலரில் அவை வரட்டும்.

அவை வந்தால், அந்தப் பத்தாண்டு நினைவில் நீண்டு நிற்கும்.